செவ்வாய்க்கிழமை போட்ட கையெழுத்து

கருமாதிப் பத்திரிகையை என் மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள்.

"அப்பா தவறிட்டாருங்க மேடம். வர்ற சனிக்கிழமை காரியம். நீங்களும் குமாஸ்தா அண்ணனும் வந்துட்டுப் போகணும்."

அன்று புதன்கிழமை, காலை ஒன்பதரை. பெரம்பலூரில் கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது என் ஆபீஸ். முன்னறையில் குமாஸ்தாவும் பிரிண்டரும், உள்ளறையில் நானும் வழக்குக் கட்டுகளும். பத்தரைக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஒரு கட்சிக்காரர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்குத் துக்கம்தான் முதலில் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வாரிசைச் சேர்க்க மனுப் போட வேண்டுமே, அதற்கு இறந்த தேதி வேண்டுமே என்பதுதான் முதலில் வந்தது. பத்திரிகையை எடுத்துத் தேதியைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமையா? போன வெள்ளியா?"

"அதுக்கு முந்தின வெள்ளிங்க மேடம். விடிகாலைல."

எழுந்து போய் அவருடைய வழக்குக் கட்டை அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். மேலாக இருந்தது போன வாரம் அரியலூர் கோர்ட்டில் நாங்கள் போட்ட மனுவின் நகல். அதனுடன் பெரியவரின் பிரமாண வாக்குமூலம். "எனக்கு மஞ்சள் காமாலை நோய் கண்டு நாட்டு வைத்தியம் பார்த்து வந்தபடியால் மேற்படி வாய்தாவில் ஆஜராக இயலவில்லை. தற்போது பூரண குணமடைந்துள்ளேன்." கீழே அவருடைய கையெழுத்து. பக்கத்தில், இந்த வாக்குமூலம் படித்துக் காட்டப்பட்டு என் முன்பாகக் கையெழுத்திடப்பட்டது என்று அரியலூர் வக்கீல் ஒருவரின் கையெழுத்தும் முத்திரையும். தேதி, செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை இறந்தவர் செவ்வாய்க்கிழமை பூரண குணமடைந்ததாகச் சத்தியம் செய்திருந்தார்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். பெரியவர் விக்கிரமங்கலத்துக்காரர். ஒரே மகள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அப்பாவிடமே வந்துவிட்ட அவள், அவருடைய ஒன்றரை ஏக்கர் கொல்லையில் கடலையும் சோளமும் போட்டுப் பிழைத்துவந்தாள். அவளுக்கு வேறு எதுவும் இல்லை. அந்தக் கொல்லை தனக்குச் சேர வேண்டியது என்று பெரியவருடைய அண்ணன் மகன் டிராக்டரோடு வந்து நின்றபோதுதான் அவர் என்னைத் தேடி வந்தார். அரியலூரில் வழக்குப் போட்டு, வழக்கு முடியும்வரை அவன் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று தடையும் வாங்கினேன்.

அந்த வழக்கைக் கோட்டைவிட்டதும் நான்தான். இரண்டு ஊர்க் கோர்ட்டில் தொழில் செய்கிறவளுக்கு ஒரு உடம்பு போதாது. அரியலூரில் வாய்தா இருந்த வியாழக்கிழமையே பெரம்பலூரில் ஒரு குறுக்கு விசாரணை. பதினோரு மணிக்கு முடித்துவிட்டு அரியலூர் பஸ் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சாட்சி வாயைத் திறந்தால் மூடமாட்டேன் என்கிறார். எனக்குப் பதிலாக எழுந்து நின்று வாய்தா கேட்கும்படி அரியலூர் நண்பர் ஒருவருக்குக் குமாஸ்தா ஃபோன் போட்டார். அவர் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். மூன்று முறை கூப்பிட்டும் யாரும் இல்லை. வாதி ஆஜராகவில்லை என்று வழக்கு தள்ளுபடி. தடையும் அதோடு போயிற்று.

இப்படித் தள்ளுபடியான வழக்கை மீட்க முப்பது நாள் உண்டு. அதற்குள், வராததற்குக் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். காரணம் என்றால் வக்கீல் பஸ் பிடிக்கவில்லை என்று எழுத மாட்டோம். கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலை என்று எழுதுவோம். எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளின் தாள்களை நம்பினால், இந்த இரண்டு மாவட்டத்திலும் காமாலை வராத விவசாயியே கிடையாது. படிக்கிற ஜட்ஜுக்கும் தெரியும், எதிர் வக்கீலுக்கும் தெரியும். அவருடைய கட்சிக்காரருக்கும் போன வருஷம்தான் காமாலை வந்து போயிருக்கும்.

கையெழுத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர் முதல்முறை வரும்போதே வக்காலத்தோடு நாலைந்து வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்கிக் கட்டில் வைத்துவிடுவோம். தாளின் அடியில், வலது ஓரத்தில். பிறகு எந்த மனு வேண்டுமானாலும் அந்தத் தாளைப் பிரிண்டரில் செருகி, கையெழுத்துக்கு மேலே வாசகம் சரியாக வந்து முடியும்படி அச்சடித்துக்கொள்ளலாம். என் குமாஸ்தா இதில் கைதேர்ந்தவர். ஒரு வரி கூடாது, ஒரு வரி குறையாது. இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறார். இது தப்பு என்று எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் தப்பாகத் தோன்றவில்லை. ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, வயசான மனுஷன் ஏன் அலைய வேண்டும்? இதை நான் அவர்களுக்குச் செய்கிற உபகாரம் என்றே நினைத்திருந்தேன். பெருமையாகவே நினைத்திருந்தேன்.

"இங்க வாங்க" என்று குமாஸ்தாவைக் கூப்பிட்டேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். பத்திரிகையையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"போட்டேன் மேடம். சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. இருபத்தாறு நாள் ஆயிடுச்சு, கையெழுத்துதான் கட்டுல இருக்கேன்னு…"

நான் கத்தினேன். என் கோபம் பெரம்பலூர் வக்கீல்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கோபம். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் சுவரோரம் நின்று, நாங்கள் அவளுடைய அப்பாவைத்தான் திட்டுகிறோமோ என்பதுபோல் முழித்துக்கொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொன்னேன். இறந்த பிறகு அவர் பேரில் மனுப் போட்டுவிட்டோம், அது செல்லாது, பொய் என்று தெரிந்தால் இன்னும் சிக்கல் என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப கொல்லை?"

முப்பது நாள் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவள் வாரிசாக வந்து புதிய மனுப் போடலாம். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அதில் அப்பா இறந்த தேதியைச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த நிமிஷமே செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து வெளியே வரும். சொல்லாவிட்டால் மனுவே இல்லை.

குமாஸ்தா அவள் பக்கம் திரும்பினார். "வீட்டுலதானே மேடம் இறந்தாரு. இறப்பைப் பதிஞ்சாச்சாம்மா?"

"இல்லீங்கண்ணே. காரியம் முடிஞ்சு போகலாம்னு இருந்தோம்."

"அப்ப புதன்கிழமை இறந்ததா பதிஞ்சுட்டா…" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அஞ்சு நாளு தள்ளி. மனுவும் செல்லும், யாருக்கும் ஒண்ணும் இல்ல."

நான் உடனே அவரை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. அந்த யோசனையைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வீட்டுச் சாவு. ஆஸ்பத்திரித் தாள் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "எழுதிடலாம் மேடம். எனக்குக் கொல்லை நின்னாப் போதும்" என்றாள். என் வக்கீல் சன்னதுக்கும் அவளுடைய கொல்லைக்கும் ஒரே வழியாகத் தெரிந்தது. பத்திரிகை எத்தனை அடித்தார்கள் என்று கேட்டேன். இருநூறு என்றாள். இருநூறு வீட்டில் வெள்ளிக்கிழமை என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கொள்ளி யாரும்மா வெச்சது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பெரியப்பா மவன்தான் மேடம். ஆம்பளப் புள்ள இல்லைல்ல. பெரியவங்க எல்லாம் அவன்தான் வெக்கணும்னுட்டாங்க. கொள்ளி வெச்சவன் நான், இனிமே கொல்லையும் எனக்குத்தான்னு ஊரெல்லாம் பேசிட்டிருக்கான். காரியம் முடியிற வரைக்கும் கை வெக்க மாட்டான். அதுக்கப்புறம் ஓட்டிருவான் மேடம். டிராக்டர் அவன் வூட்டு வாசல்லயே நிக்குது."

எதிரியே கொள்ளி வைத்திருக்கிறான். இறந்த நாளும் நேரமும் அவனுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் மனுவின் நகல் அவனுடைய வக்கீலிடம் போன வாரமே போயிருக்கிறது. அவர் தேதியைப் பார்த்தாரா, இவன் அவரிடம் சொன்னானா என்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரியாதது. மனு விசாரணைக்கு வருவது அடுத்த செவ்வாய்க்கிழமை. தேதியை மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னது நேர்மையால் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்ததால் சொன்னேன். நேர்மையெல்லாம் அதற்குப் பிறகுதான் மெல்ல வந்து சேர்ந்தது.

"தேதி இருக்கிறபடியே இருக்கட்டும். நாளைக்கே போய்ப் பதிஞ்சுடு" என்று அவளை அனுப்பினேன்.

வியாழக்கிழமை அரியலூர் போனேன். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த வாக்குமூலத்தில் 'என் முன்பாக' என்று கையெழுத்துப் போட்ட நண்பரைப் பார்க்க வேண்டும். அறுபது தாண்டியவர். அரியலூர் கோர்ட்டு வராந்தாவில் யார் எந்தத் தாளை நீட்டினாலும், டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அன்றைக்குக் குமாஸ்தா நீட்டியிருக்கிறார், இவர் போட்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

"ஜட்ஜ்கிட்டச் சொல்லிடலாம்னு இருக்கேண்ணே."

"நீ சொல்லிட்டுப் போயிடுவ. செத்தவன் என் முன்னாடி கையெழுத்துப் போட்டதா நானுல்ல எழுதிக் கொடுத்திருக்கேன்? முப்பத்தஞ்சு வருஷம் ஒரு புகார் இல்லாம ஓட்டிட்டேன்மா. மனுவை அழுத்தலைன்னு சொல்லி வாபஸ் வாங்கிக்க. காரணம் கேக்க மாட்டாங்க. முடிஞ்சு போச்சு."

அது நடக்கக்கூடிய வழிதான். மனுவைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கினால் நானும் அவரும் குமாஸ்தாவும் தப்பித்துவிடுவோம். வழக்கு மட்டும் தள்ளுபடியான இடத்திலேயே கிடக்கும். பிறகு அவள் மனுப் போடும்போது, முதலில் போட்ட மனுவை ஏன் வாபஸ் வாங்கினாய் என்று எதிர் வக்கீல் கேட்டால் பதில் இருக்காது. எல்லோருக்கும் வழி இருந்தது, அவளைத் தவிர. இதை அவரிடம் சொன்னேன். அவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

சனிக்கிழமை விக்கிரமங்கலம் போயிருக்கவே வேண்டாம். வக்கீல்கள் கட்சிக்காரர் வீட்டுக் காரியத்துக்கெல்லாம் போவதில்லை. ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. போனேன். அவன் மொட்டையடித்து, ஈர வேட்டியோடு சடங்கு முடித்துவிட்டு எழுந்தான். என்னைப் பார்த்ததும் நேரே வந்து கும்பிட்டான்.

"வாங்க மேடம். சாப்புட்டுத்தான் போகணும். சித்தப்பா உங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாது."

பந்தியில் என் இலைக்கு அவனே சாம்பார் ஊற்றினான். "செவ்வாக்கெழம கோர்ட்டுல பாப்போங்க மேடம்" என்றான். அதில் எகத்தாளம் இருந்ததா, மரியாதை மட்டும்தானா என்று எவ்வளவோ யோசித்தும் பிடிபடவில்லை. அவன் எதிரிலேயே நிற்கும்போது இலையை மூட முடியவில்லை. எல்லாவற்றையும் விழுங்கினேன். திரும்பும்போது அந்தக் கொல்லையைப் பார்த்தேன். கடலை பூ விட்டிருந்தது. இன்னும் மூன்று நாள் தாங்கினால் போதும் என்று நினைத்தபடி நின்றிருந்தேன்.

திங்கட்கிழமை அவளை ஆபீஸுக்கு வரச் சொல்லி, புதிய மனுக்களைத் தயார் செய்தோம். வாரிசாகச் சேர்க்க ஒன்று, தாமதத்தை மன்னிக்க ஒன்று, வழக்கை மீட்க ஒன்று, அதுவரை கொல்லை இருக்கிறபடியே இருக்க ஒன்று. வாக்குமூலத்தை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். காமாலை இல்லை. அன்றைக்கு வக்கீல் வராததால்தான் வழக்கு தள்ளுபடியானது என்று எழுதியிருந்தேன். வெற்றுத்தாள் கையெழுத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவள் ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கோர்ட்டு இணையதளத்தில் ஏற்றினார். "உங்க பேரை நான் சொல்லப் போறதில்ல" என்றேன். "சொல்லுங்க மேடம். நான்தானே அடிச்சேன்" என்றார். அப்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என்மேல் இருந்த கோபத்தில் பாதியை அவர் தலையில் ஏற்றி வைத்திருந்தேன், அது சௌகரியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் மனு பதினேழாவது. ஒன்று ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். ஜட்ஜ் சின்ன வயசுப் பெண். ஆறு மாதம் முன்புதான் மாற்றலாகி வந்தவர், யாருக்கும் முகம் கொடுக்காதவர். எதிர் வக்கீல் என் பக்கத்து நாற்காலியில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனும் வந்திருந்தான். மொட்டைத் தலையோடு சன்னலோரம் நின்றிருந்தான். அவள் எதிர்ப்பக்கச் சுவரோரம்.

எண்ணைச் சொன்னதும் எதிர் வக்கீலுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று எழுந்தேன். நாற்காலி பின்னால் சரிந்தது.

"யுவர் ஆனர், இந்த மனுவை அழுத்தவில்லை. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். மனுதாரர் இந்த வாக்குமூலத் தேதிக்கு நாலு நாள் முன்பே இறந்துவிட்டார்."

டைப் அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. ஜட்ஜ் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கையெழுத்து?"

"அவருடையதுதான். முன்பே வெற்றுத்தாளில் வாங்கி வைத்தது. அவர் இறந்தது எங்களுக்குத் தெரியாது. காமாலையும் உண்மை இல்லை. அன்றைக்கு ஆஜராகாதது நான்."

"உங்க ஆபீஸ்ல எத்தனை கட்டுல இந்த மாதிரி வெற்றுத்தாள் இருக்கு?"

பொய் சொல்ல அரை நொடிதான் வேண்டும். "எல்லாக் கட்டிலும்" என்றேன்.

அந்த அறையில் முப்பது வக்கீல்களாவது இருந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் அலமாரியை நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஜட்ஜ், 'என் முன்பாக' என்று சான்றளித்த வக்கீல் யார், இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"நான்தான் யுவர் ஆனர்" என்றது அவருடைய குரல். "அந்தப் பெரியவரை நான் பார்த்ததே இல்லை. என் தப்பு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை கலங்காமல் வைத்திருந்தேன்.

எதிர் வக்கீல் எழுந்தார். தன் கட்டைத் திறந்து, மேலாக வைத்திருந்த ஒரு கருமாதிப் பத்திரிகையை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இதைத் தாக்கல் செய்யத்தான் வந்தேன். அவங்க முந்திக்கிட்டாங்க" என்றார். ஐந்து நிமிஷம் காத்திருந்தால் அந்தப் பத்திரிகை என் கழுத்தில் விழுந்திருக்கும். அவளுடைய கொல்லையையும் அதோடு இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஜட்ஜ் வெகுநேரம் எழுதினார். இறந்தவர் பேரில் போட்ட மனு தள்ளுபடி. வாரிசின் மனுக்களுக்கு எதிர்த்தரப்பு பதில் சொல்ல இரண்டு வாரம். அதுவரை சொத்து இன்று இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும், யாரும் உழக் கூடாது. நானும் நண்பரும் ஒரு வாரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், அதைப் பார்த்துவிட்டு பார் கவுன்சிலுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யப்படும். கடைசியில் தலை நிமிர்ந்து, "நீங்களா சொன்னதைப் பதிவு பண்ணியிருக்கேன்" என்றார்.

வெளியே வந்தபோது அவன் எங்களைக் கடந்து போனான், இந்த முறை கும்பிடவில்லை. நண்பர் என் தோளில் தட்டிவிட்டு டீக் கடைப் பக்கம் நடந்தார். எனக்கு உடம்பே காற்றில் மிதந்தது. சன்னது போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் நான் சொல்லிவிட்டேன். இத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தி சொன்னாளே என்று எனக்கு என்மேலேயே ஒரு பிரியம் வந்தது. அவளோடு பஸ் ஸ்டாண்டுவரை நடந்தேன். விக்கிரமங்கலம் பஸ் வர நேரம் இருந்தது. நிழலாகப் பார்த்து நின்றோம்.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றாள். "அப்பா சொன்னது சரியாத்தான் இருக்கு. வக்கீலம்மா தங்கமானவங்கன்னு கடைசியா ஃபோன் பேசுனப்பக்கூட சொன்னாரு."

"எப்பம்மா பேசினாரு?"

"தவறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மேடம். உங்ககிட்டத்தான். நான் பக்கத்துலதான் இருந்தேன். ஒரு வாரமாவே நெஞ்சு என்னமோ அடைக்கிற மாதிரி இருக்குன்னுட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்பான்னா, அதுக்குன்னு தனியா எதுக்கு, கையெழுத்துப் போட பெரம்பலூர் போறப்ப அப்படியே பெரிய ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துக்கலாம்னாரு. வேட்டியெல்லாம் தொவச்சு வெச்சாச்சு. நாளைக்கு வரட்டுங்களான்னு உங்களுக்குப் போட்டாரு. நீங்கதான், எதுக்குப் பெரியவரே ரெண்டு பஸ் மாறி அலையறீங்க, கையெழுத்துதான் கட்டுல இருக்கே, நாங்க பாத்துக்குறோம்னுட்டீங்க. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் மேடம்."

அவள் குற்றம் சொல்லவில்லை. அப்பாவின் கடைசிச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஃபோன் நினைவே இல்லை. ஒரு நாளைக்கு இதே வாக்கியத்தைப் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று நம்ப ஆசைப்பட்டுச் செல்போனை எடுத்து விரலால் கீழே கீழே தள்ளினேன். இருந்தது. அந்தப் புதன்கிழமை, மதியம், அவருடைய எண். முப்பத்தெட்டு விநாடி.

பஸ் வந்துவிட்டது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"அடுத்த வாய்தாவுக்கு நான் வரணுங்களா மேடம்? இல்லாட்டி நாலஞ்சு தாள்ல இப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"வாங்க" என்றேன். பஸ் இரைந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்து, பஸ் நகரும்போது கூடவே நடந்து, மறுபடியும் சொன்னேன். "வந்துடுங்கம்மா. ஒவ்வொரு தடவையும் நேர்ல வந்துடுங்க."